அதே கடை, அதே பெண்கள், நான் மட்டும் வாய் திறக்கவில்லை

மேடம், எனக்கு 41 வயது. 14 வருடமாகக் கட்சியில் மகளிரணிப் பொறுப்பு. அப்பா கிளைச் செயலாளராக இருந்தவர், அவர் உடல்மேல் கட்சிக்கொடி போர்த்தித்தான் தூக்கினார்கள்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு மதுக்கடை. நாங்கள் எதிர்க்கட்சியாக இருந்தபோது விளக்குமாற்றோடு பெண்களைத் திரட்டி அந்தக் கடை முன்னால் உட்கார்ந்தவள் நான்தான், மாவட்டச் செயலாளரே நேரில் வந்து சால்வை போட்டார். இப்போது எங்கள் ஆட்சி. கடை அப்படியே இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் கடைக்கு எதிராகத் தீர்மானம் கேட்கலாம் என்று அதே பெண்கள் வந்தார்கள். முந்தின நாள் ராத்திரி ஒன்றியச் செயலாளர் போன் போட்டு, "நம்ம ஆட்சிம்மா, கொஞ்சம் பொறுத்துப் போங்க" என்றார். சபையில் நான் வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன்தான் உன் வாய் திறக்குமா?" என்று கேட்டவர், அன்றிலிருந்து பேசுவதில்லை. ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. வீட்டுக்காரர் பொறுப்பை விட்டுவிடு என்கிறார். விட்டால் அப்பாவுக்குத் துரோகம் செய்வது போல இருக்கிறது.

*

அன்புச் சகோதரிக்கு,

முதலில் தூக்கம். ஒரு மாதம் என்பது கொஞ்ச நாள் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள், போவதற்குத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம்தான்.

நம்புவதும் செய்வதும் ஒத்துப்போகாதபோது மனதில் வரும் நமைச்சலைப் பற்றி லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957-லேயே எழுதினார். பலர் செய்கையை மாற்றாமல் நம்பிக்கையை வளைத்துக்கொள்வார்கள். 'கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்' என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். உங்களால் அது முடியவில்லை, அதனால் எனக்கு உங்கள்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

ஒன்றியச் செயலாளரை வில்லனாக நினைக்க வேண்டாம். 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையில், யார் ஆட்சிக்கு வந்தாலும் கல்லா அவர்களிடம் போய்விடுகிறது. அவருக்கும் மேலே இருந்து யாராவது போன் போட்டிருப்பார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் கட்சியின் கொள்கை பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? அப்பாவும் அந்தக் கொடியும்தான் இருக்கிறார்கள். கட்சியை விட்டால் அவரே இரண்டாம் முறை போய்விடுவார் என்ற பயமாக இருக்குமோ? அம்மா இருந்தால், அப்பா எப்போதெல்லாம் கட்சிக்காரர்களோடு சண்டை போட்டார் என்று கேளுங்கள். கிளைச் செயலாளராக இருந்த மனிதர் ஒருமுறைகூட முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை என்றால் என்னால் நம்ப முடியாது.

பொறுப்பை அவசரப்பட்டு விடாதீர்கள். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டமும் கட்சி சொல்கிறபடி ஓட்டுப் போடச் சொல்லும் கொறடா உத்தரவும் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்குத்தான், கிராம சபையில் நீங்கள் வெறும் வாக்காளர். அடுத்த சபை அக்டோபர் 2. பேசப் போகிறேன் என்று ஒன்றியத்திடம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது. பொறுப்பு பறிபோகலாம், அதை மறைக்க மாட்டேன். அப்புறம் ஒன்று, ஊராட்சிப் பகுதியில் கோயில், பள்ளியிலிருந்து 100 மீட்டருக்குள் கடை இருக்கக்கூடாது என்பது விதி. டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். போன் வந்த கதையெல்லாம் வேண்டாம், "அன்னிக்கு நான் பேசாதது தப்புக்கா" என்று மட்டும் சொல்லுங்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே, அவரையே கூப்பிடுங்கள்.