பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கே: 1990 ஆர்எக்ஸ் 100. ‘ஷோரூம் கண்டிஷன்’ என்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்கிறார். தரலாமா? (திருச்சி)

ப: விளம்பரப் படத்தில் தெரிவது பெயின்ட்டும் சீட் கவரும். நீங்கள் பணம் கொடுக்கப்போவது எண்ணுக்கு. ஹேண்டிலுக்குக் கீழே வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணை விரலால் தடவிப் பாருங்கள். கம்பெனி அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரியில் இருக்கும். அரம் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்த இடம் லேசாகக் குழிந்திருக்கும், எழுத்தும் கோணிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தடிமனாக இருந்தால் பேரத்தைத் தொடங்கவே வேண்டாம். சேஸிஸ், என்ஜின் எண்கள் இரண்டும் ஆர்.சி.யோடு பொருந்தினால் பிறகு விலை பேசலாம். முன்பணம் அனுப்பாதீர்கள்.

கே: 1987 மாடல் என்கிறார், எண் டி.என். 37 என்று தொடங்குகிறது. (ஈரோடு)

ப: ஆர்.டி.ஓ. அலுவலக எண்ணோடு கூடிய இந்த வரிசை 1989இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகுதான் வந்தது. ஆகவே வண்டி வேறு மாநிலத்திலிருந்து வந்து மறுபதிவாகியிருக்கலாம். இல்லையென்றால் விற்பவர் வயதைக் கூட்டிச் சொல்கிறார். பழைய எண்ணையும் தடையில்லாச் சான்றையும் கேளுங்கள்.

கே: விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம். இடமாற்றம் என்பதால் பாதி விலைக்குத் தருகிறார், வண்டியை லாரியில் அனுப்புவாராம். (சேலம்)

ப: வண்டியே கிடையாது. பணம் அனுப்பாதீர்கள்.

கே: என்னுடைய ஆர்எக்ஸ் 100இல் ஆர்எக்ஸ் 135இன் சிலிண்டர் போட்டிருக்கிறேன். இழுவை பிரமாதம். இதையும் ‘போலி’ என்பீர்களா? (மதுரை)

ப: ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆர்எக்ஸ் 100இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், அதுவும் 50. அதனால் 98 சி.சி. 135இல் ஸ்ட்ரோக் அதே 50, போர் மட்டும் 58. கணக்குப் போட்டால் 132. அதனால்தான் மாற்றுவது இத்தனை எளிது. ஆனால் அதை ‘ஒரிஜினல் ஆர்எக்ஸ் 100’ என்று விற்காதீர்கள்.

கே: என்ஜின் எண் சிலிண்டருக்குக் கீழே உள்ள அடிப்பெட்டியில்தானே (கிராங்க் கேஸ்) இருக்கிறது? அது ஒரிஜினல்தான். யாருக்கு என்ன நஷ்டம்? (மதுரை, மீண்டும்)

ப: எண் ஒரிஜினல், கொள்ளளவு பொய். ஆர்.சி.யில் 98 என்று இருக்கிறது. பதிவு விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது சட்டத்தின் 52ஆம் பிரிவு. விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் நஷ்டம் யாருக்கு என்று தெரியும். வாங்குகிறவர்களும் கேளுங்கள்: ஹெட்டைத் திறந்து போரை வெர்னியர் அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்திருந்தால் 50இலிருந்து கொஞ்சம் கூடும், 58 ஆகாது. ஐந்து கியர் விழுந்தால் அடிப்பெட்டியே வேறு. ஆர்எக்ஸ் 100க்கு நான்குதான்.

கே: பழைய சிலிண்டரைப் பத்திரமாக வைத்திருக்கிறேனே! (மதுரை)

ப: நல்லது. வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள், விளம்பரத்திலும் எழுதுங்கள். அதற்குக் கூடுதல் விலை கேட்டால் நியாயம்.

கே: ராஜ்தூத் 350 பைக், ‘கம்பெனி டிஸ்க் பிரேக்’ என்கிறார்கள். (கோவை)

ப: இந்தியாவில் செய்த 350க்கு முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிஸ்க் பிற்பாடு யாரோ மாட்டியது.

கே: ஆர்எக்ஸ் 100க்குச் சரியான விலை என்ன? (நான்கு பேர்)

ப: எண், காகிதம், சிலிண்டர் மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். படத்தை மட்டும் அனுப்பினால் பதில் கிடையாது.

கே: டோக்கன் ஆயிரம் ரூபாய்தான் கேட்கிறார்... (சேலம், மீண்டும்)

ப: ஐயா, அனுப்பாதீர்கள்.