தட்டம்மையும் எதிர்ப்புச் சக்தியும் – கடிதம்

வணக்கம் சார்,

என் மகளுக்கு மூன்று வயது. மழலையர் பள்ளியில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுத மறுக்கிறார். அளவுக்கு மீறிய சுத்தம்தான் குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது என்று ஆய்வு சொல்வதாகப் படித்தேன். தட்டம்மை போன்றவை இயற்கையாக வந்து போனால் உடம்பு உறுதிப்படும் என்று நினைத்து இரண்டாவது ஊசியைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். சளிக்கு என்ன செய்வது?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

சளியை விடுங்கள். பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருஷத்தில் எட்டு முறை, பத்து முறை சளி பிடிப்பது சகஜம். சளிக்குக் காரணம் வைரஸ்; அதை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. உங்கள் டாக்டர் நல்லவர், மாற்றிவிடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, எதையும் குடிக்காமல் சோர்ந்து படுத்தாலோ உடனே அவரிடம் ஓடுங்கள்.

போகிறபோக்கில் ஊசியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நானும் கொஞ்ச நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படித்தது எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். 1989இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற ஆய்வாளர் 17,414 பிரிட்டிஷ் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து, கூடப்பிறந்தவர்கள் நிறைய உள்ளவர்களுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவு என்று கண்டார். சிறுவயதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார். பேச்சு ஒவ்வாமையைப் பற்றி. அதை இழுத்துவந்து தட்டம்மைக்கு முட்டுக்கொடுப்பது எந்த ஊர் நியாயம்? குழந்தை மண்ணில் புரளட்டும், நாய்க்குட்டியோடு உருளட்டும், யார் வேண்டாம் என்றது? மண்ணும் தட்டம்மையும் ஒன்றா?

ஒருமுறை வந்தால் தட்டம்மை மறுபடி வராது, உண்மை. அதற்கு உடம்பு என்ன கப்பம் கட்டுகிறது என்று கேட்டீர்களா? பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் அணுக்களையே அந்த வைரஸ் தாக்குகிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை, தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. மற்ற கிருமிகளுக்காக அவர்கள் உடம்பு சேர்த்துவைத்திருந்த ஆன்டிபாடிகளில், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதங்களில், 11 முதல் 73 சதவீதம் வரை காணோம். ஊசி போட்ட குழந்தைகளுக்கு இந்த இழப்பு இல்லை. உங்கள் மகள் மாதாமாதம் மூக்கு ஒழுகி ஒழுகிச் சம்பாதித்ததில் ஒரு பங்கைத் துடைத்துக்கொண்டு போகிற நோயையா உறுதி தரும் என்கிறீர்கள்?

என் அக்காவுக்கும் சின்ன வயதில் தட்டம்மை ‘வந்து போனது’. வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். காதில் சீழ் கோத்து, இடது காது கேட்காமல் போனதை யாரும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை. இன்றும் நாம் பேச ஆரம்பித்தால் வலது காதை நம் பக்கம் திருப்பி, உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். புரியாதபோது சிரித்துவைப்பாள். நான் கோபமாக எழுதுவதாகத் தோன்றினால், அதற்கு அவள்தான் காரணம்.

முதல் ஊசி போட்டாயிற்றே என்பீர்கள். அது நூற்றுக்கு 93 பேரைக் காக்கும். இரண்டும் போட்டால் 97. தட்டம்மை உள்ளவர் அறையைவிட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். யாரைப் பார்த்து ஒதுங்குவீர்கள்?

உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, தம்பி. மூக்குச் சளிக்கே இவ்வளவு பதறுகிற அப்பா நீங்கள். இந்த வாரமே ஊசியைப் போட்டுவிட்டு எழுதுங்கள். மண் விளையாட்டைப் பற்றி அப்புறம் சாவகாசமாகச் சண்டை போடலாம்.