சிஏ 125 நார்மல், ஆனாலும் கேன்சர்: கிரானுலோசா செல் கட்டி பற்றிக் கேள்வி பதில்

நான் பெத்தாலஜிஸ்ட். ஆபரேஷனில் எடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அது என்ன வகை என்று சொல்வது என் வேலை. மருந்து எழுதுவதில்லை, கீமோ, மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் உங்கள் ஆன்காலஜிஸ்டிடமே பேசுங்கள். சினைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்துதான் இந்தக் கிரானுலோசா செல் வகை. அதனால்தான் இத்தனை குழப்பம்.

அம்மாவுக்கு 58 வயது. தீட்டு நின்று ஏழு வருஷம் கழித்து மறுபடி உதிரப்போக்கு. ஸ்கேனில் இடது சினைப்பையில் 9 செ.மீ. கட்டி. சினைப்பைப் புற்றுக்காக ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 வெறும் 14, பயப்பட வேண்டாம் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து வந்த ரிப்போர்ட்டில் ‘அடல்ட் கிரானுலோசா செல் டியூமர்’ என்று இருக்கிறது. இது கேன்சரா, இல்லையா மேடம்?

கேன்சர்தான். மெதுவாக வளர்கிற கேன்சர், பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே பிடிபடுகிற கேன்சர். கருமுட்டையைச் சுற்றியிருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் செல்களுக்குக் கிரானுலோசா செல்கள் என்று பெயர். அவற்றிலிருந்து கிளம்பும் கட்டியும் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அது கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும். அம்மாவுக்கு ரத்தம் பட்டது அதனால்தான். சிஏ 125 பரவலாகக் காணும் மற்ற சினைப்பைப் புற்றுகளுக்கு உதவும். இதில் நார்மலாக இருப்பது சகஜம்.

ஒன்றை மறக்காமல் பாருங்கள். தடித்த அந்தச் சவ்வில் சிலருக்குத் தனியாக இன்னொரு புற்றும் வந்திருக்கும். கர்ப்பப்பையையும் எடுத்திருந்தால் அதன் ரிப்போர்ட்டைப் படியுங்கள். எடுக்கவில்லை என்றால் உள்சவ்வை பயாப்சி செய்தார்களா என்று கேளுங்கள்.

அப்படியானால் எந்த ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பது?

இன்ஹிபின் பி, ஏஎம்ஹெச் இரண்டும். இதே கிரானுலோசா செல்கள் சுரக்கும் ஹார்மோன்கள் இவை. மாதவிடாய் நின்றவர்களுக்கு இரண்டும் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். ஏறினால் அதற்கு அர்த்தம் உண்டு. மாதவிடாய் வந்துகொண்டிருப்பவர்களுக்கு இன்ஹிபின் நாளுக்கு நாள் மாறும். ஒரே ஒரு அளவை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் லேப் ‘கிரானுலோசா’ என்கிறது. இரண்டாவது லேப் ‘கார்சினோமாவாக (பரவலாகக் காணும் மற்ற வகைப் புற்று) இருக்கலாம்’ என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் எடுத்துக்கொண்டு, சினைப்பைக் கட்டிகளை அடிக்கடி பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் இருக்கிற பெரிய கேன்சர் மையத்துக்குப் போங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் வேண்டும். பிளாக் என்பது உங்கள் கட்டியின் ஒரு துண்டைப் பதித்து வைத்திருக்கும் சின்ன மெழுகுக் கட்டி. கேட்டால் ரசீது எழுதித் தருவார்கள்.

நாங்கள் பார்ப்பது இதுதான். இந்தச் செல்லின் உட்கரு நடுவே கோடு விழுந்து காப்பிக்கொட்டை மாதிரியே இருக்கும். சில இடங்களில் செல்கள் வட்டமாகக் கூடி, நடுவே இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் திரவம் தேங்கியிருக்கும். கால்-எக்ஸ்னர் உருவங்கள் என்பார்கள். இவை பாடப்புத்தகத்தில் இருக்கிற அளவு எல்லாக் கட்டியிலும் இருக்காது, அங்கேதான் லேப்கள் தடுமாறுகின்றன. இன்ஹிபின் சாயம் போட்டுப் பார்ப்பது அடுத்த படி.

அதிலும் தெளியாவிட்டால் ஃபாக்ஸ்எல்2 மரபணு. கனடாவின் வான்கூவர் ஆய்வுக்குழு 2009-ல் வெளியிட்ட முடிவில், பெரியவர்களுக்கு வரும் 89 கிரானுலோசா கட்டிகளில் 86-ல் இந்த மரபணுவின் ஒரே எழுத்து, ஒரே இடத்தில் மாறியிருந்தது. ஒரு கட்டிக்கு இவ்வளவு நெருக்கமான அடையாளம் கிடைப்பது அபூர்வம். என்னைக் கேட்டால், லேப்கள் முரண்படும்போது இந்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பதே மேல். தவறான பெயருக்குக் கீமோ ஏற்றிக்கொள்வதைவிட இது மலிவு.

வயது 31. ஒரு சினைப்பையை எடுத்துவிட்டார்கள், ஸ்டேஜ் 1ஏ. குழந்தை பெறலாமா?

கட்டி ஒரு சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருந்தால் மறு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் விட்டுவைப்பது ஏற்றுக்கொண்ட முறைதான். ஆபரேஷன் குறிப்பில் கட்டி உடைந்ததா என்று பாருங்கள். உடைந்திருந்தால் ஸ்டேஜ் 1சி ஆகிவிடும், திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். உள்சவ்வு பயாப்சி உங்களுக்கும் வேண்டும்.

மனைவிக்கு 14 வருஷத்துக்கு முன் சினைப்பையில் கிரானுலோசா கட்டி எடுத்தார்கள். அஞ்சு வருஷம் செக்கப் போனோம், அப்புறம் ‘இனி வேண்டாம்’ என்றார்கள். இப்போது இடுப்புக்குழியில் புதுக் கட்டி. பழசாகவே இருக்குமா?

இருக்கலாம். இந்தக் கட்டிக்கு ஐந்து வருஷக் கணக்கு பொருந்தாது. பத்து, இருபது வருஷம் கழித்துத் திரும்பியவர்களும் உண்டு. ஆகவே செக்கப் ஆயுள் முழுக்க. புது பயாப்சி எடுக்கும் டாக்டரிடம் பழைய நோயின் பெயரை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எங்கள் மேஜைக்கு வரும் சீட்டில் ‘இடுப்புக் கட்டி’ என்று மட்டும் இருக்கும். பழைய பிளாக் இன்னும் இருக்கிறதா என்று அன்றைய ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். திரும்பியதே என்றாலும் கைவிட வேண்டியதில்லை. மெதுவாக வளர்வதால் பலருக்கு மறுபடி ஆபரேஷன் செய்தே எடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா? பரம்பரையாக வரும் மார்பக, சினைப்பைப் புற்றுக்குப் பார்க்கும் பிஆர்சிஏ மரபணு டெஸ்ட் எடுக்கவா?

ஃபாக்ஸ்எல்2 மாற்றம் கட்டியில் மட்டும் உண்டாவது, பிறவியில் கடத்தப்படுவதில்லை. குடும்பத்தில் மார்பகப் புற்றோ வேறு வகைச் சினைப்பைப் புற்றோ இருந்தால் பிஆர்சிஏ யோசிக்கலாம், இதற்காக மட்டும் வேண்டாம்.

அக்கா மகளுக்கு ஆறு வயது. மார்பு வளர்ந்து, ரத்தமும் பட்டது. இந்தக் கட்டிதான் என்கிறார்கள். ஆறு வயதிலா?

ஆமாம், இது இளம்வயது வகை. முப்பது வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும். மார்பு வளர்ந்ததற்கும் ரத்தம் பட்டதற்கும் காரணம் அதே ஈஸ்ட்ரோஜன்தான், ஆனால் ஃபாக்ஸ்எல்2 மாற்றம் இதில் பொதுவாக இருக்காது. திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும், பெரியவர்கள் கதைக்கு நேர்மாறு. குழந்தைகள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டியை எடுத்தபின் ஹார்மோன் இறங்கி, மார்பு வளர்ச்சி நிற்பது வழக்கம்.