ஒரே தாளின் இரண்டு பக்கங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய வாரப் பத்திரிகைகளுக்காகக் காத்திருந்த நாள்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது. சென்ற ஆண்டு என் மாமியார் காலமானார். ஸ்ரீரங்கத்தில் அவர் இருந்த வீட்டை ஒழித்துக்கொடுக்கும்போது, பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. கல்கி, ஆனந்த விகடன் இதழ்களிலிருந்து எடுத்துக் கட்டியவை, மொத்தம் பதினோரு தொகுதிகள். பொன்னியின் செல்வனில் மூன்று பாகங்கள் மட்டும் இருக்கின்றன. "இதெல்லாம் போனிலேயே சும்மா கிடைக்கிறதே அம்மா" என்கிறான் மகன். பழைய பேப்பர் கடையில் போட என் கணவருக்கு மனம் வரவில்லை. வைத்துக்கொள்ள எங்கள் அடுக்கக வீட்டில் இடமும் இல்லை. தாள்கள் பழுத்து, தொட்டால் ஒடிகின்றன. சில இடங்களில் பூச்சி துளைத்திருக்கிறது. இவற்றை வைத்துக்கொள்வதில் பொருள் உண்டா, அல்லது இது வெறும் பாசம்தானா? வைத்துக்கொள்வதென்றால் எப்படிக் காப்பது?

அன்புடன்,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் சொல்வது உண்மை. கல்கியின் எழுத்துகள் 1999ஆம் ஆண்டு நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு, பொன்னியின் செல்வனை எத்தனையோ பதிப்பகங்கள் வெளியிட்டுவிட்டன; இணையத்தில் ஐந்து பாகங்களையும் காசு செலவில்லாமல் படித்துவிடலாம். கதைக்காக மட்டும் அந்தத் தகரப் பெட்டியைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு பைண்டில் இருப்பவற்றில் கதை பாதிதான். மீதிப் பாதி எந்தப் பதிப்பிலும் கிடைக்காது. அதைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

எங்கள் வீடு அப்போது பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பத்திரிகை வரும் நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்தில் பாய் விரித்த பிறகு, பாட்டிதான் முதலில் படிப்பார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, நிதானமாகப் படிப்பார். அடுத்தது சித்தி, அதன் பிறகு சித்தப்பா, கடைசியில்தான் நாங்கள். முன்னால் படித்தவர் பின்னால் படிப்பவரிடம் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்பது வீட்டின் எழுதாத சட்டம். எல்லோரும் படித்து முடித்த பிறகு, பாட்டி ஒரு பழைய கத்தியின் முனையால் நடுவில் இருக்கும் பின்களை நெம்பி நிமிர்த்தி, தொடர்கதைத் தாள்களை மட்டும் உருவி எடுத்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிடுவார். மடிப்பு விழாமல் இருக்க அதைவிடப் பாரமான பொருள் வீட்டில் வேறு இல்லை. கதை முடிந்ததும் கட்டு கும்பகோணத்துக்குப் போகும். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை கட்டுபவர் ஒருவர், குத்தூசியால் துளையிட்டு, நூல் கோத்துத் தைத்து, மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசையால் அட்டையை ஒட்டி, முதுகில் காலிகோ துணி போட்டுக் கொடுப்பார். பூச்சி வராமலிருக்கத்தான் அந்த மயில்துத்தம். ஓரங்களைச் சமன் செய்ய அவர் வெட்டும்போது வரிகளின் கடைசி எழுத்துகள் சில சமயம் போய்விடும். "வந்தியத்தே" என்று நின்றுவிட்ட வரிக்கு "வன்" என்று நாங்களே சேர்த்துக்கொண்டு படித்திருக்கிறோம்.

இப்படிச் சேர்த்தவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம்தான் முடிந்தது. மொத்தம் 293 அத்தியாயங்கள். மூன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் இதழை வாங்கி, யாரும் எடுத்துக்கொண்டு போகாமலும் பொட்டலம் மடிக்காமலும் பார்த்துக்கொண்டு, இடையில் வந்த கல்யாணம், பிரசவம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தாள்கூட விடாமல் அடுக்கி வைத்திருந்தால்தான் ஐந்து பாகங்களும் பைண்டாகும். உங்கள் பெட்டியில் மூன்று பாகங்கள் மட்டும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இரவலாகத்தான் இருக்கும். கடைசி அட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். யாருக்கு எந்தப் பாகம் கொடுத்தோம் என்று பென்சிலில் குறித்து வைக்கும் வழக்கம் அக்காலத்து வீடுகளில் இருந்தது.

படங்களின் ஓரத்தில் "மணியம்" என்ற கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அந்தத் தொகுதி பெரும்பாலும் கதை முதன்முதலாக வெளிவந்தபோதே சேர்த்ததாக இருக்கும். பின்னாளில் கல்கி இதழ் அதே கதையை மறுபடியும் தொடராக வெளியிட்டபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். ஆகவே, தேதி கிழிந்துபோன பைண்டுக்குப் படமே வயது சொல்லிவிடும். இன்றைய மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்களே இல்லை. விகடன் தொகுதிகளிலும் அப்படித்தான். தில்லானா மோகனாம்பாள் 1968இல் திரைப்படமாக வருவதற்கு முன்பே, கோபுலு வரைந்த சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் தங்கள் சொந்தக்காரர்களைப் போல அறிந்து வைத்திருந்த வீடுகள் உண்டு. "முற்றும்" என்ற சொல் இல்லாத பைண்டுகளும் உண்டு. உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை 1940இல் விகடனில் எழுதத் தொடங்கி, 1942இல் காலமாகும்வரை எழுதினார். என் சரித்திரம் 122ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. அதை வாரா வாரம் சேர்த்துக்கொண்டிருந்த ஒருவர், அடுத்த இதழைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் தேடியிருப்பார் அல்லவா? அச்சிட்ட புத்தகத்தில் அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்கு ஒன்றும் நேர்வதில்லை. பைண்டில் பார்த்தபோதுதான் மனம் கனத்தது.

இனி எங்கள் வீட்டு வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே இதழில் இரண்டு தொடர்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பாட்டி சேர்த்தது சரித்திரக் கதை. சித்தி சேர்த்தது குடும்பக் கதை. ஒரு வாரம் சரித்திரக் கதையின் கடைசிப் பக்கமும் குடும்பக் கதையின் முதல் பக்கமும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக அச்சாகி வந்துவிட்டன. தாள் ஒன்றுதான், அதற்கு உரிமை கொண்டாடும் கட்டுகள் இரண்டு. தமிழ்நாட்டில் பைண்டு சேர்த்த ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சிக்கல் ஒரு முறையாவது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அது இரண்டு நாள் பேச்சுவார்த்தையாக நடந்தது. சித்தப்பா இன்னொரு பிரதி வாங்கி வருவதாகச் சொல்லிக் கும்பகோணம் வரை போய், எல்லாம் விற்றுவிட்டது என்று வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் நாள் காலையில் பாட்டி ஒரு முடிவு சொன்னார். தாள் சித்திக்கு. தம்முடைய பக்கத்தைத் தாம் எழுதி வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

என் கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்துக் கொடுத்தது நான்தான். பாட்டி சன்னல் அருகே உட்கார்ந்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீல மையில் அந்தப் பக்கத்தை முழுவதும் எழுதினார். எழுத்துகள் பெரியவை, சற்றே இடப்பக்கம் சாய்ந்தவை. புள்ளி வைக்க மறந்துவிட்டு, வரி முடிந்ததும் திரும்பி வந்து எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து வைப்பார். பக்கத்தின் அடியில் அச்சிட்டிருந்த "தொடரும்" என்ற சொல்லையும் விடாமல் எழுதி, அதன் இரு புறமும் இரண்டு சிறு பூக்கள் வரைந்தார். அச்சில் பூ இல்லை. அவர் மளிகைக் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தவர். கடிதங்களை மற்றவர்கள் எழுத, சொல்லிக்கொண்டிருந்தவர். அதனால் அவர் கையெழுத்து என்று எங்களிடம் இன்று மிஞ்சியிருப்பது அந்த இரண்டு தாள்கள் மட்டுமே. வழவழப்பான அட்டையில் வந்த அதே நாவலைப் பிற்காலத்தில் நானும் வாங்கினேன். அந்த அத்தியாயம் வந்தபோது என் கை தானாகப் பைண்டைத்தான் தேடியது.

நீங்கள் கேட்டது பாசத்தைப் பற்றி. பாசம்தான் அம்மா, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் உங்கள் தொகுதிகளை ஒரு முறையாவது பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். உங்கள் மாமியார் எதையாவது எழுதிச் சேர்த்திருக்கிறாரா, எந்த வரியின் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறார், எந்த வாரம் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். ஒருவேளை விட்டுப்போன அந்த வாரத்தில்தான் உங்கள் கணவர் பிறந்திருப்பார்.

காப்பது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது, தாளிலேயே உண்டாகும் அமிலம் அதை ஒடியச் செய்கிறது. பழுத்ததைத் திரும்ப வெளுக்க வைக்க முடியாது. மேலும் பழுக்காமல் தாமதப்படுத்தலாம். ஆகவே முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் சூடு தாளுக்கு ஆகாது. வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் காற்றாடினால் போதும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, படுக்கைவாட்டில் அடுக்குங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஏட்டுச் சுவடிகளுக்கு நம் முன்னோர் வைத்தது போல வசம்பைத் துணியில் முடிந்து இடையிடையே வைக்கலாம். ஆனாலும் ராமபாணப் பூச்சிக்கு உண்மையான தடுப்பு, மாதம் ஒரு முறை நீங்கள் திறந்து பார்ப்பதுதான். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகிக் கறை விட்டுவிடும். மறுபடியும் பைண்டு செய்யக் கொடுத்தால், ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள், ஏனெனில் ஒரு முறை வெட்டியதற்கே நாங்கள் "வன்" சேர்த்துப் படித்தோம். உங்கள் மகனிடம் போன் இருக்கிறதே, சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவன் கதை படிக்காவிட்டாலும் விளம்பரங்களைக் கட்டாயம் படிப்பான்.

இடமே இல்லையென்றாலும் பழைய பேப்பர் கடை வேண்டாம். சிவகங்கை மாவட்டம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்துகொண்டே, புத்தகமும் இதழுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாயிற்று. இப்போது தரமணியில் இருக்கிறது. எதையும் கொடுப்பதற்கு முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, எனக்காக ஓர் உதவி. எங்கள் பைண்டுகளில் ஒன்றில், தொடர்கதைத் தாளின் பின்புறத்தில் ஒரு சிறுகதையின் நடுப் பக்கம் மட்டும் சிக்கிக்கொண்டது. தலைப்பு, ஆசிரியர் பெயர், முடிவு எதுவும் இல்லை. மற்றப் பக்கங்கள் கடைக்குப் போய்விட்டன. மழை நாளில் மாயவரம் ஜங்ஷனில் ஒருவர் தவறுதலாக வேறொருவருடைய டிரங்குப் பெட்டியை இறக்கிக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, மேலே மடித்து வைத்திருந்த அரக்குப் புடவையை எடுக்கிறார். "அதன் அடியில்" என்பதோடு பக்கம் முடிகிறது. பத்து வயதிலிருந்து அந்தப் பெட்டிக்குள் நான் என்னென்னவோ வைத்துப் பார்த்துவிட்டேன். உங்கள் பதினோரு தொகுதிகளில் ஏதேனும் ஒரு தாளின் பின்புறத்தில் அந்தப் புடவை தென்பட்டால், அதன் அடியில் என்ன இருந்தது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்