தொழில் கேள்வி பதில்: வேலையைக் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்

வீட்டிலிருந்தபடியே போனிலும் கம்ப்யூட்டரிலும் நம் ஆபீஸ் வேலையைப் பார்த்துத் தருபவரை 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்கிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவர்களைப் பற்றித்தான். எனவே பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். பதில்களில் 'ஆன்லைன் உதவியாளர்' என்று எழுதியிருக்கிறோம்.

கேள்வி: வணக்கமுங்க. 30 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஸ்டிச்சிங் பண்றேனுங்க. காலையில 6 மணிக்கு ஆரம்பிக்கிற போன், ராத்திரி 10 வரைக்கும் நிக்கறதில்லீங்க. லைனப் பாக்கறதா, போன் பேசறதான்னு தெரியல. ஆன்லைன்ல ஒரு ஆள வச்சுக்கலாம்னு பையன் சொல்றான். பனியன் தொழிலுக்கு அதெல்லாம் ஒத்து வருமுங்களா?
— வாசகர், அவினாசி

பதில்: ஒத்து வரும். ஆனால் ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டைக் கையில் வைத்திருங்கள். வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரே வரி: யார், எதற்கு, எத்தனை நிமிடம். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் உட்கார்ந்து மூன்றாகப் பிரியுங்கள். நீங்கள் மட்டுமே பதில் சொல்லக்கூடியவை, ஒரு தாளில் இருக்கும் தகவலைப் படித்துச் சொன்னாலே போதுமானவை, யாரையாவது விரட்டிக் கேட்க வேண்டியவை. பின்னிரண்டும்தான் உதவியாளருக்குப் போக வேண்டியவை.

பீஸ் ரேட் பேசுவது, டெய்லரின் கூலித் தகராறு, ஷேடு ஓகே சொல்வது மூன்றும் உங்களோடு இருக்கட்டும். ஷேடை வாட்ஸ்அப் படத்தில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. ஒவ்வொரு போன் திரையிலும் நிறம் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

உங்கள் மாதிரி யூனிட்டில் உதவியாளருக்குக் கொடுக்க வேண்டிய முதல் வேலை டெலிவரி சலான் (சரக்கோடு வந்து போகும் சீட்டு) கணக்கு. வேலை தரும் பார்ட்டி கொடுத்த கட் பீஸ் எவ்வளவு, தைத்துத் திரும்பியது எவ்வளவு, ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டியது), ரிஜெக்ட் எவ்வளவு என்பது பில் போடும் நாளில்தான் பல இடங்களில் தெரிய வருகிறது. அதற்குள் பார்ட்டி ஷார்ட்டேஜ் என்று சொல்லி உங்கள் பணத்தில் கழித்து டெபிட் போட்டிருப்பார். இதற்கு கூகுள் ஷீட்டில் பத்து கட்டங்கள் போதும்: சலான் எண், தேதி, பார்ட்டி, ஸ்டைல், கலர், சைஸ், வந்த பீஸ், போன பீஸ், ரிஜெக்ட், பாக்கி. சூப்பர்வைசர் மாலை 6 மணிக்குள் அன்றைய சலான்களைப் படம் எடுத்து அனுப்புவார். உதவியாளர் அன்றிரவே ஏற்றிவிட்டு, காலை 9 மணிக்கு பாக்கி நிற்கும் சலான்களை மட்டும் உங்களுக்கு அனுப்புவார்.

தவறு எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். படத்தில் சலான் எண் மடிப்பில் மறைந்துபோகும். கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோல இருக்கும். ஒரு பார்ட்டி டஜனில் எழுதுவார், இன்னொருவர் பீஸில் எழுதுவார். இந்த மூன்றாவதுதான் மோசம்: 40 டஜன் என்பதை 40 என்று ஏற்றினால் 440 பீஸ் கணக்கில் காணாமல் போகும். ஷீட்டில் எல்லாமே பீஸ்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஊகித்து நிரப்பாமல் கட்டத்தை மஞ்சளாக்கிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வேலை பாக்கி வசூல் நினைவூட்டல். உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால் அந்த எண் உங்கள் பில்லில் அச்சாகியிருக்க வேண்டும். 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் எவ்வளவு தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உரிமை உண்டு. சிறு யூனிட்டுக்கு நாள் தவறிப் பணம் கொடுக்கும் பார்ட்டிக்கு, அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைக் கழிக்க முடியாத சிக்கலும் வரலாம். எழுத்தில் 45 நாள் பேசியிருந்தால் 30-ம் நாள் பணிவாக ஒரு வாட்ஸ்அப், 40-ம் நாள் பில் நகலோடு ஒரு மெயில். இந்த இரண்டும் உதவியாளர் வேலை. 46-ம் நாள் போன் நீங்களே போடுங்கள். பத்து வருஷம் பழகிய பார்ட்டியிடம் புது ஆள் கறாராகப் பேசினால் ஆர்டர் போய்விடும்.

கேள்வி: மோட்டார் பம்ப் உதிரிபாகங்கள் செய்கிறோம். ஆள் தயாராக இருக்கிறார். மெயில், வாட்ஸ்அப், இ-வே பில், பேங்க் என்று எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு கேட்கிறார். கொடுக்காமல் வேலை நடக்காது, கொடுத்தால் தூக்கம் வராது. என்ன செய்வது?
— வாசகர், கணபதி, கோவை

பதில்: பாஸ்வேர்டு ஒன்றுகூடக் கொடுக்காமல் இந்த வேலைகள் அத்தனையும் நடக்கும்.

ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதிக்குப் போனால் இன்னொரு கணக்குக்கு அனுமதி தரும் 'டெலிகேட்' வசதி இருக்கிறது. அவர் தன் மெயிலிலிருந்தே உங்கள் மெயிலைப் படிக்கலாம், பதில் போடலாம், அழிக்கவும் முடியும். உங்கள் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. பேங்க் ஸ்டேட்மென்டும், சில இடங்களில் ஓ.டி.பி.யும் அதே மெயிலுக்குத்தான் வரும். ஆகவே விசாரணை, கொட்டேஷன், ஆர்டர் இவற்றுக்கென்று தனி மெயில் ஒன்றைத் தொடங்கி, அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பேங்க், ஜி.எஸ்.டி., வருமான வரி எல்லாம் பழைய மெயிலிலேயே இருக்கட்டும்.

வாட்ஸ்அப் பிசினஸை ஒரே எண்ணில் உங்கள் போன் தவிர இன்னும் நான்கு கருவிகளில் இணைக்கலாம். இணைத்த பிறகு உங்கள் போன் ஆன்லைனில் இல்லாவிட்டாலும் அது ஓடும். இணைத்தவருக்கு உங்கள் வீட்டுப் பேச்சும் தெரியும் என்பதால் தொழிலுக்குத் தனி சிம் கட்டாயம். 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலைத் திங்கள்தோறும் திறந்து பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் அங்கேயே லாக் அவுட் செய்துவிடலாம்.

சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டுதான் இ-வே பில். அதன் தளத்தில் 'சப் யூசர்' உருவாக்கும் வசதி இருக்கிறது. பதிவு செய்த உங்கள் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், அவருக்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் உருவாகும், என்னென்ன செய்யலாம் என்பதையும் நீங்களே தேர்வு செய்யலாம். ஆள் மாறினால் அந்தப் பெயரை முடக்கினால் போதும். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு 1 லட்சம் ரூபாயையும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயையும் தாண்டினால் இ-வே பில் வேண்டும். தவறாகப் போட்டதை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்பதையும் அவருக்கு எழுதிக் கொடுங்கள்.

பேங்கில், நடப்புக் கணக்குக்கான நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் ஒப்புதல் தரும் முறையைக் கேட்டு வாங்குங்கள். அவர் பட்டியலை ஏற்றுவார், உங்கள் விரல் பட்டால்தான் பணம் நகரும். யு.பி.ஐ., டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஓ.டி.பி. மூன்றும் யாருக்கும் கிடையாது. "நான் மெஷின் பக்கம் நிற்கிறேன், அந்த நம்பரைப் படித்துச் சொல்கிறேன்" என்ற பழக்கம் ஒருநாள்கூட ஆரம்பிக்கக் கூடாது.

பாஸ்வேர்டு போகாமலேயே பணம் போகும் வழியும் ஒன்று உண்டு. வார்ப்பட சப்ளையரிடமிருந்து வந்ததுபோல ஒரு மெயில் வரும்: "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்." மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். உதவியாளர் நல்லெண்ணத்தோடு பட்டியலில் எண்ணை மாற்றுவார், நீங்கள் பெயரை மட்டும் பார்த்து ஒப்புதல் தருவீர்கள். கணக்கு எண் மாற்றம் என்று எது வந்தாலும், அந்த மெயிலில் உள்ள போனுக்கு அல்லாமல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஷீட்டுகளை உங்கள் கூகுள் கணக்கில் நீங்களே தொடங்கி அவருக்குப் பகிருங்கள். அவர் கணக்கில் தொடங்கினால் ஃபைல் அவருடையது. அவர் விலகும் நாளில் வாடிக்கையாளர் பட்டியலும் கூடவே போகும்.

கேள்வி: சென்னிமலை பெட்ஷீட்டுகளை இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். ஒரு ஆளை எப்படிச் சோதித்துப் பார்த்து எடுப்பது? எவ்வளவு கொடுப்பது?
— வாசகி, ஈரோடு

பதில்: இன்டர்வியூவில் நன்றாகப் பேசுகிறவர் நன்றாக வேலை செய்வார் என்று சொல்ல முடியாது. காசு கொடுத்தே ஒரு சோதனை வையுங்கள். உங்களுக்கு வந்த உண்மையான ஆர்டர் செய்திகளில் 20-ஐ எடுத்து, பெயர், போன் எண், முகவரியை மாற்றிக் கொடுங்கள். அதில் நாலைந்து வாய்ஸ் மெசேஜ் இருக்கட்டும், அதுவும் நம்மூர்ப் பேச்சில். "அந்த நீலக் கலர் ரெண்டு போட்டுருங்க" என்று வந்ததை அவர் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். இரண்டு செய்திகளில் வேண்டுமென்றே குறை வையுங்கள். ஒன்றில் பின்கோடு ஐந்து இலக்கம்தான், இன்னொன்றில் 'டபுள்' என்று மட்டும் இருக்கும், அளவு இருக்காது. 90-க்கு 100 அங்குலமா 108-ஆ என்று திருப்பிக் கேட்கிறவரை எடுங்கள். தானாக ஒன்றை நிரப்பிவிட்டு வேகமாக முடிக்கிறவர் வேண்டாம்.

சம்பளத்தை மாதத்துக்கு இவ்வளவு என்று பேசாமல் முதல் மூன்று மாதம் மணிக்கணக்கில் பேசுங்கள். நாளுக்கு 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம். மணிக்கு 150 ரூபாய் என்று ஒப்புக்கொண்டால் 7,800 ரூபாய் ஆகிறது. அந்த 52 மணி நேரத்தில் உங்களுக்கு எத்தனை கூடுதல் ஆர்டர் வர வேண்டும் என்று உங்கள் லாபத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேஷ் ஆன் டெலிவரி பார்சல்களை அனுப்பும் முன் ஒரு உறுதிச் செய்தி வாங்குவதை மட்டும் அவர் ஒழுங்காகச் செய்தாலே, திரும்பி வரும் பார்சல்களுக்கு இருபக்கமும் கொடுக்கும் கூரியர் காசு மிச்சமாகும்.

ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். வேலை நேரம், விடுமுறை, சம்பளத் தேதி, வாடிக்கையாளர் எண்களை வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்பது, விலகுவதென்றால் 15 நாள் முன்னறிவிப்பு. சம்பளத் தேதியை நீங்களும் தவறக் கூடாது. நேரில் முகம் பார்க்காமல் வேலை செய்கிறவருக்கு அது ஒன்றுதான் நம்பிக்கை.

கேள்வி: தென்னை நார் ஏற்றுமதி செய்கிறேன். பிலிப்பைன்ஸ் ஆட்கள் நன்றாக ஆங்கிலம் பேசுவதாகச் சொல்கிறார்களே?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: வெளிநாட்டு ஆளிடம் தொழிலுக்காகச் சேவை வாங்கினால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்களே கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் பையர் ஜெர்மனியில் இருந்தால் நமக்கும் அவருக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். பகல் 1 மணி முதல் இரவு 9 மணி வரை இருக்கும் நம்மூர் ஆளே போதும். கொச்சி, தூத்துக்குடி துறைமுகப் பேச்சு தெரிந்தவராகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: 6 லாரி வைத்திருக்கிறேன். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகள் மறந்துபோகின்றன. இ-வே பில்லும் நடுவழியில் முடிந்துவிடுகிறது. இதற்கும் உதவியாளர் ஆவார்களா?
— வாசகர், சங்ககிரி

பதில்: இதற்குத்தான் அவர்கள் மிகவும் பொருத்தம். ஒரு வண்டிக்கு ஒரு வரி: எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், காலாண்டு வரி, புகைச் சான்று. முடியும் தேதிக்கு 30 நாள் முன்பு ஒரு நினைவூட்டல், 7 நாள் முன்பு இன்னொன்று. புது லாரிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும். ஆகவே ஒரே தேதியை எல்லா வண்டிக்கும் நகல் எடுக்கக் கூடாது.

சாதாரண சரக்குக்கு இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும், கடைசி நாள் நள்ளிரவில் முடியும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரைக்கும்தான் நீட்டிக்க முடியும். அதாவது மாலை 4 மணிக்கு ஜன்னல் திறக்கிறது, காலை 8 மணிக்கு மூடுகிறது. அதனால் உதவியாளர் தினமும் மாலை 4 மணிக்கு, இன்று இரவு முடியும் பில்களின் பட்டியலை எடுத்து டிரைவர்களைக் கூப்பிட வேண்டும். வண்டி நிற்கும் இடத்தின் பின்கோடு, மீதித் தூரம், தாமதத்துக்குக் காரணம் மூன்றையும் தளம் கேட்கும். வண்டி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் இ-வே பில்லில் வண்டி விவரம் இருக்கும் பார்ட் பி-யில் புது வண்டி எண்ணைப் போட்ட பிறகே புறப்படச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பி.காம். முடித்தவள். குழந்தை சிறியவன், வெளியில் வேலைக்குப் போக முடியாது. இந்த வேலைக்கு நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஷீட்டில் ஃபில்டர், பிவட், விலுக்கப், டேலியில் சேல்ஸ், பர்சேஸ் பதிவு, ஜி.எஸ்.டி.யில் மாதாந்திரக் கணக்குக்கு 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரம்), 20-ம் தேதி 3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு), 14-ம் தேதி வரும் 2பி-யை (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) பர்சேஸ் பில்லோடு ஒப்பிடுவது. இவ்வளவு தெரிந்தால் நம் பகுதியின் சின்ன யூனிட்டுகளுக்கு நீங்கள் மிகவும் தேவையானவர். தமிழில் வரும் வாய்ஸ் மெசேஜைக் கேட்டு ஆங்கிலத்தில் தெளிவான மெயிலாக எழுதப் பழகுங்கள். அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

வேலை தருவதற்கு முன் ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ், டெபாசிட் என்று யார் கேட்டாலும் விலகிவிடுங்கள். "உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்றால் அது வேலையே அல்ல. மோசடிப் பணத்தை மாற்றும் வழி, போலீஸ் உங்களைத் தேடித்தான் வரும். முதல் பார்ட்டியை வெளியூரில் தேட வேண்டாம். உங்கள் ஊர் ஆடிட்டர் ஆபீஸில் போய், ஜி.எஸ்.டி. பில்களை நேரத்துக்குத் தராத வாடிக்கையாளர்கள் யார் என்று கேளுங்கள். அவர்களுக்குத்தான் இப்போதே ஆள் வேண்டும்.