முகவாய் மரத்துப்போனால் பல் மட்டும்தான் காரணமா?

கேள்வி: என் வயது 52. ஐந்து வாரமாகக் கீழுதட்டின் இடது பாதியும் முகவாயும் மதமதவென்று இருக்கின்றன. பல் பிடுங்க ஊசி போட்டால் இருக்குமே, அதே மாதிரி. வலி கிடையாது. காபி குடிக்கும்போது ஓரத்தில் வழிவதுகூடத் தெரிவதில்லை. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பல் மருத்துவர் சின்ன எக்ஸ்ரே எடுத்து, பல்லில் குறை இல்லை என்றார். மருந்துக்கடையில் நரம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒத்தடமும் கொடுத்துப் பார்த்தேன். இது வாயுவா, பக்கவாதம் வரப்போகிறதா?

பின்குறிப்பு: நான்கு வருடத்துக்கு முன் மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறேன்.

- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது பின்குறிப்பைத்தான். அது புற்றுநோய்க் கட்டியா, சாதாரணக் கட்டியா என்று நீங்கள் எழுதவில்லை. பல் மருத்துவரிடம் அதைச் சொன்னீர்களா என்றும் தெரியவில்லை. இனி எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

முகத்தில் தொட்டால் தெரிவது ஐந்தாம் மண்டை நரம்பால். பக்கத்துக்கு மூன்று கிளைகள்: நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. இந்தக் கடைசிக் கிளையின் ஒரு பிரிவு தாடை எலும்புக்குள்ளேயே ஓடி, ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் போகிறது. நீங்கள் சொல்லும் இடம் அப்படியே அதன் எல்லைதான். அப்படியென்றால் அது வரும் பாதையில் எங்கோ ஏதோ தொந்தரவு இருக்கிறது. வாயு இல்லை.

பல் வேரில் சீழ், தாடைக்குள் நீர்க்கட்டி, கடைவாய்ப் பல் எடுத்தபோது பட்ட காயம், அழுத்தும் பல்செட், இப்படிப் பல் சார்ந்த காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்து போன ஒருவருக்கு, பல்லில் குறையில்லாமல் முகவாய் மரத்தால், நோய் தாடை எலும்புக்கோ மண்டையோட்டின் அடிப்பகுதிக்கோ வந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வலி இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. ஐந்து வாரம் போய்விட்டது, ஆறாவது வாரமும் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சர்க்கரையால் வரும் மரப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் தொடங்கும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதைச் சோதிப்பது நல்லதுதான். ஆனால் உதட்டில் பாதி மட்டும் மரத்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன்.

பக்கவாதம் இப்படி வாரக்கணக்கில் முகவாயில் மட்டும் நிற்காது. திடீரென்று வரும். வாய் கோணும், ஒரு கை தளரும், பேச்சு குழறும். அப்படி நடந்தால் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். முகவாதம் வேறு. அதில் தொட்டால் தெரியும், அசைவுதான் போகும், கண்ணை மூட முடியாது. அதற்கான ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பலரும் இதையும் 'மரத்துப்போச்சு' என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. 2021இல், கொரோனா வந்து தேறிய சர்க்கரை நோயாளி ஒருவர் என்னிடம் "கன்னம் மட்டும் மரத்திருக்கு சார்" என்று வந்தார். மூக்கைப் பரிசோதித்தால் கறுப்புப் பூஞ்சை. கண்ணுக்குப் பரவும் முன் ஆபரேஷன் செய்ய முடிந்தது. கன்னம் மரத்து, அதே பக்க மூக்கு அடைத்து ரத்தம் கலந்து வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வெளிறிய தேமலில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், அங்கே மருந்து இலவசம். முகம் மரப்பதோடு ஒரு காது மந்தமானாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, உங்களுக்கு வருகிறேன். இந்த வாரமே, ஆபரேஷன் செய்த மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போங்கள். பழைய பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன எக்ஸ்ரேயில் ஒன்றிரண்டு பற்கள்தான் தெரியும். முழுத் தாடைக்கு ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, அப்புறம் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். எலும்பு பலத்துக்கென்று நரம்பில் மருந்து ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மருந்தாலும் சிலருக்குத் தாடை எலும்பு கெட்டு உதடு மரக்கும். அதனால் அவசரப்பட்டு எந்தப் பல்லையும் பிடுங்க விடாதீர்கள்.

ஒத்தடத்தை இன்றே நிறுத்துங்கள். சூடு தெரியாத தோல், வெந்தாலும் தெரியாது. காபியை ஆறவைத்து, வலது பக்கமாகக் குடியுங்கள்.