கூரையைப் பார்த்த பிறகு மண்ணைத் தோண்டலாம்: வீட்டுச் சூடு பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஒயரிங், சோலார் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, ஐரோப்பாவில் மண்ணுக்குள் குழாய் புதைத்து வீட்டைக் குளிர்விக்கிறார்களாம். என் வீட்டுக்குப் பின்னால் நிலம் சும்மா கிடக்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் சூடு அந்த ஊர்க் காற்றின் வருடச் சராசரியை ஒட்டியே இருக்கும். இங்கிலாந்தில் அது 10 முதல் 12 டிகிரி. அதனால் கோடையில் மண் குளிர்ச்சி, பனிக்காலத்தில் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பு. நம் ஊரில் சராசரியே 27 டிகிரி பக்கம். எவ்வளவு தோண்டினாலும் அதைவிடக் குளிர்ச்சி கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கோடையில் மண்ணுக்குள் தள்ளிய சூட்டைப் பனிக்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். நாம் பன்னிரண்டு மாதமும் தள்ளிக்கொண்டே இருப்போம். குழாயைச் சுற்றியுள்ள மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிவிடும். துளை போடுகிற காசுக்கு நல்ல இன்வெர்ட்டர் ஏர்கோன் வாங்கி, கூரையையும் சரிசெய்து விடலாம்.

கேள்வி: அப்படியென்றால் தம்புன் வெந்நீர் ஊற்று? பூமிக்குள் சூடு இருக்கிறதுதானே?

பதில்: இருக்கிறது. மழைநீர் பாறை வெடிப்பு வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, இன்னொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. அந்த வெடிப்பு உள்ள இடத்தில்தான் அது கிடைக்கும். உங்கள் கொல்லைப்புறத்தில் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: தோட்டத்தில் பழைய லயத்து வீடு, தகரக் கூரை. மத்தியானம் உள்ளே உட்காரவே முடியவில்லை ஐயா. ஏர்கோன் போட வசதி இல்லை.

பதில்: எனக்கு மிக முக்கியமாகப் படுவது உங்கள் கேள்விதான். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து டிகிரிக்குள் இருக்கிறோம். உச்சி வெயில் வருடம் முழுக்க ஏறக்குறைய நேர் மேலேயிருந்து விழுகிறது. சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்குகிறது. மதிய வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். உங்கள் தலைக்கு மேல் ஓர் அடுப்பு எரிகிற மாதிரி அது கீழ்நோக்கிச் சூட்டை வீசுகிறது. மின்விசிறி அதனால் சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும்.

முதலில் கூரைக்கு வெள்ளைப் பூச்சு. வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். நம் ஈரக்காற்றில் பாசி பிடித்துக் கறுக்கும் என்பதால் அவ்வப்போது கழுவ வேண்டும். அடுத்தது, தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாள். பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும், அதற்கும் சீலிங்குக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து பலன் குறையும்; எதையாவது ஒட்டிக்கொண்டு இருந்தால் பலனே இல்லை. காசு இருந்தால் சீலிங் மேல் ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் பாறைப் பஞ்சு) பரப்புங்கள். சூடான காற்று வெளியேற இரண்டு பக்கமும் திறப்பு விடுங்கள், வௌவால் நுழையாதபடி வலை அடியுங்கள்.

கூரை தகரமா, பழைய அஸ்பெஸ்டாஸ் தகடா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அஸ்பெஸ்டாஸ் என்றால் துளையிடவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அக்கா. வறண்ட காற்றில்தான் அது குளிர்விக்கும். இங்கே வீட்டில் ஈரம்தான் கூடும்.

கேள்வி: சோலார் போட்டால் ராத்திரி ஏர்கோன் இலவசமாக ஓடுமா?

பதில்: நேரடியாக ஓடாது. ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 3.5 யூனிட் தரும், அதுவும் பகலில். மிச்சத்தை மின்சார நிறுவனமான டி.என்.பி.யின் கம்பிக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். கொடுத்த யூனிட்டை ஒன்றுக்கு ஒன்று கழித்த பழைய நெம் (NEM) திட்டத்தில் புதிதாகச் சேர்வது 2025 ஜூன் மாதத்தோடு முடிந்தது. அதற்குப் பதிலாக 2026 ஜனவரி முதல் சோலார் அட்டாப் என்ற திட்டம். இதில் அந்த மாத பில்லில் கழித்தும் மிஞ்சுகிற தொகை அடுத்த மாதத்துக்குப் போகாது. அதனால் பெரிதாகப் போடுவதைவிட, பகலில் வீட்டில் எவ்வளவு செலவாகிறதோ அந்த அளவுக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம். துணி துவைப்பது, தண்ணீர் இறைப்பது, மத்தியான ஏர்கோன் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பகலில் வீடு பூட்டியே கிடக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: வெந்நீருக்கு சோலார் ஹீட்டர்?

பதில்: குடும்பம் பெரிது என்றால் யோசிக்கலாம். குளியலறை ஹீட்டர் 3.6 கிலோவாட் என்று வைத்தால், பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட்தான். நான்கு பேருக்கு மாதம் 72 யூனிட். அதற்காகக் கூரைமேல் தொட்டி ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: மகள் இங்கிலாந்தில் வீடு வாங்குகிறாள். அங்கே மண்குழாய் ஹீட் பம்ப் வைக்கச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். அங்கே அது பொருந்தும். ஹீட் பம்ப் மண்ணில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளுகிறது; அதனால் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு யூனிட் சூடு வீட்டுக்குள் வரும். வீட்டுத் தோட்டம் சின்னது என்றால் ஆழத் துளை போட வேண்டும், செலவு கூடும்; வெளிக்காற்றிலிருந்து எடுக்கும் பம்ப் மலிவு. எதுவானாலும் சுவர், ஜன்னல், கூரை வழியே சூடு ஒழுகாமல் முதலில் அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேவைக்கு மேல் பெரிய பம்ப் வாங்க வேண்டியிருக்கும்.